சூறைக்கு ஒரு பிடி நூல்

1

ஆடித்தபசு முடிந்த வாரத்தில் இதை எழுதுகிறேன். தபசன்றைக்கு எங்கள் ஊரே தெற்கு ரதவீதியில் நெருக்கியடித்து நின்றிருக்கும். இங்கே, தெற்கு ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊரில், அது வெறும் வேலை நாள். மழைக்கோட்டு மாட்டி மகளை மழலையர் பள்ளியில் விட்டேன். ஆய்வுக்கூடத்தின் கதவில் அட்டையைக் காட்டினேன், கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் அது என்ன நாள் என்று தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், மரியாதையான மனிதர்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சங்கரன்கோவில்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவனும் திருமாலும் ஒன்றாக நிற்பதைக் காட்டச் சொல்லிக் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்த ஊர் எங்களுடையது. கொடி ஏறியதிலிருந்து சனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் நிற்கிறவளுக்குக் கால் வலிக்காதா? நாம் சுற்றினால் அந்த வலியில் கொஞ்சம் நம் காலுக்கு வரும், அவளுக்குக் குறையும். சாமியிடம் வலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று சூறை. தபசன்று அம்மன் மண்டபத்துக்கு வந்திருக்கும்போது விவசாயிகள் தங்கள் காட்டிலும் வயலிலும் விளைந்ததைக் கொண்டுவந்து அம்மனை நோக்கி வீசுவார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், சோளம், நெல், எது விளைந்ததோ அது. அடுத்த வெள்ளாமையும் நன்றாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

என் அம்மா வருடம் தவறாமல் சுற்றுவாள், தூவவும் செய்வாள். ஆனால் எங்களுக்குக் காடு கிடையாது. மேலநீலிதநல்லூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பருத்தி எடுக்கவும் வத்தல் பறிக்கவும் போன கூலிக்காரி அவள். அப்பா விசைத்தறியில் நின்றார், நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான். தம்பி மாரியப்பன் பாதியில் விட்டுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

2

என் வேலையைத் தம்பிக்கு விளக்க ஒருமுறை முயன்றேன்.

"அண்ணே, அங்கன எத்தனை எட்டுக்கால் பூச்சி வச்சிருக்கீங்க? தீவனம் என்ன போடுதீங்க?"

"ஒண்ணுகூட இல்லலே. பட்டுப்புழு மாதிரி அத வளக்க முடியாது. சேத்துப் போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"பொறவு நூலு எவன் விடுதான்?"

"பாக்டீரியா."

"கிருமியா? சம்பளம் குடுத்துக் கிருமி வளக்காவளா! இங்கன சாக்கடையில வந்து அள்ளிக்கிட்டுப் போவச் சொல்லு, சும்மாவே தாரோம்."

அவன் சிரித்தது சிரித்தபடி இருக்கட்டும். விஷயம் இதுதான். சிலந்தி நூலின் புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அதில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. ஒரு வகை, செங்கல் அடுக்கினாற்போல் இறுகிக்கொள்ளும். மற்றது ரப்பர் போல் நெகிழும். இந்தச் சங்கிலிக்கான குறிப்பை நாங்கள் எழுதிப் பாக்டீரியாவுக்குள் வைக்கிறோம். அது வளரும்போது புரதத்தையும் சேர்த்துச் செய்கிறது. செங்கல் வகையைக் கூட்டினால் உறுதியான இழை கிடைக்கும். ரப்பர் வகையைக் கூட்டினால் தோலைப் போல் வளைகிற மெல்லிய தாள், இன்னும் கூட்டினால் கூழ். வீணையின் முறுக்காணியைத் திருகுவது போல, வேண்டிய பதத்துக்கு இதை மாற்றிக்கொள்ளலாம். நான் இருக்கும் குழு தாள் செய்கிறது, ஆறாத புண்ணின் மேல் போடுவதற்கு. ஈரத்தைக் காக்க வேண்டும், காற்றை விட வேண்டும், புதுத்தோல் பற்றி ஏற இடம் கொடுக்க வேண்டும், பிறகு தானாகக் கரைந்துபோக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

வளர்ப்புக் கலனிலிருந்து பாக்டீரியாவை எடுக்கும் நாளை இங்கே அறுவடை நாள் என்கிறார்கள். முதன்முதலில் கேட்டபோது ஒரு நொடி தலை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் எஃகுக் குழாய்கள்தான் இருந்தன.

3

போன வருட ஆடிச்சுற்றில்தான் அம்மாவின் காலில் கொப்புளம் வந்திருக்கிறது. அவளுக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய்ப் பல காலம் ஆகிறதாம், எனக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறாள். அம்மனின் கால் வலியை வாங்கப் போனவளுக்குத் தன் கால் வலிப்பது தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது மார்கழியில். வீடியோவில் பேசும்போது தம்பி கையிலிருந்து போன் நழுவியது. அம்மாவின் முகம் போய்க் கட்டில் தெரிந்தது, கட்டிலின் மேல் நீட்டிய கால், அதில் மஞ்சளாகக் கறை படிந்த துணி.

"எம்மா, அது என்ன?"

"ஒண்ணுமில்லய்யா. செருப்பு கடிச்சது."

"செருப்பா? ஆடிச்சுத்துலருந்து இந்தக் கூத்துதான்" என்று தம்பி பின்னாலிருந்து சொன்னான். "உனக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. போனு தானா விழுந்துது, நான் சொல்லல."

ஊருக்குப் போக வேண்டும் என்று மறுநாளே வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனேன். என் அனுமதி அட்டை முடிந்து, புதிதுக்கு விண்ணப்பித்திருந்த நேரம். கையில் இருந்தது ஒரு இடைக்காலத் தாள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம். வெளியே போனால் திரும்ப நுழைய முடியும் என்று அது சொல்லவில்லை. மனைவி செல்வியும் மகளும் என் அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் நிற்கிறார்கள்.

சன்னலுக்கு அப்பால் இருந்த அம்மையாரிடம், வீட்டில் ஒத்திகை பார்த்த ஜெர்மனில் பேசினேன். பதற்றத்தில் ஒத்திகை மறந்தது. "என் அம்மாவின் கால் போகிறது" என்று தமிழில் நினைத்ததை அப்படியே அந்த மொழியில் போட்டுவிட்டேன். அங்கே போகிறது என்றால், பரவாயில்லை, சமாளிக்கிறது என்று பொருள். அவர் முகம் மலர்ந்து, "மகிழ்ச்சி" என்றார். திருத்திச் சொன்னதும் முகம் மாறியது. உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வேகப்படுத்தலாம் என்றார். அம்மாவைப் பார்த்த திருநெல்வேலி மருத்துவர் அப்படி எழுதவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, விரல்கள்தான் கேள்வி என்றார். நேர்மையான மனிதர். என்னால் போக முடியவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயந்திரம் தம்பி கேட்டான்.

"புண்ணு ஆத்துத தாளுதானண்ணே நீ செய்யுத? ரெண்டு துண்டு அனுப்பேன்."

"எலிக்குப் போட்டுப் பாத்திருக்கோம்லே. மனுசருக்கு இன்னும் போட்டதில்ல."

"ஓகோ. எலிக்குக் கெடைக்குது, நம்ம அம்மைக்குக் கெடைக்காதோ?"

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மனுசருக்குப் போட்டதே இல்லையாய்யா?"

"இல்லம்மா."

"அப்பம் மொத ஆளா எனக்குப் போடேன். நீ செஞ்சது என்னைய என்ன செஞ்சிரப் போவுது?"

என்ன செய்துவிடும் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த மாதம் ஒரே செய்முறையில் வார்த்த இரண்டு தாள்களில் ஒன்று சொன்னபடி நின்றது, மற்றது தண்ணீர் பட்ட அன்றே கூழானது. ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாக்டீரியாவின் மிச்சம் துளி தங்கினால் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் ஏற்றும். சர்க்கரை நோயாளியின் காலில், கிருமி நீக்காத ஒரு துண்டை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தூரத்திலிருந்து எப்படிக் கட்டச் சொல்வேன்? வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் மாட்டேன். என் அம்மா என்பதால் மட்டும் எப்படி?

"முடியாதும்மா" என்றேன்.

"சரிய்யா" என்றாள். அதோடு பேச்சு பாப்பா சாப்பிட்டாளா என்பதற்குப் போய்விட்டது.

4

தை பிறந்து இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. புண் வாய் மூட மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

மகள் பெயரும் கோமதிதான். நான்கு வயது. ஆச்சியிடம் போனில் பேசும்போது பாதி ஜெர்மன் கலந்துவிடும். அம்மா புரிந்ததுபோல் "ஆமட்டி, ஆமா" என்பாள். ஒருநாள் செல்வி அவளுக்குத் தபசுக் கதையைச் சொல்லி, அம்மனுக்குக் கால் வலிக்கும் என்பதால் சுற்றுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, "ஆச்சிக்கு இப்பம் வலி போயிட்டா?" என்று கேட்டாள். கீழ்வீட்டுக்காரர் மணியடித்து, மாலை அமைதி நேரம் என்று நினைவூட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் வலியை வாங்கிக்கொள்வதற்கும் சத்தமில்லாமல் நடக்க வேண்டும்.

பிள்ளை நம்மைவிட்டு விலகிப்போகிறது என்று இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடும்போதெல்லாம் பேசுவோம். அன்றைக்கு எனக்கு அந்தக் கவலை இல்லை. மறுநாள் மேசையைச் சுற்றச் சொன்னபோது, "அது நேத்து" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டாள். கவலை திரும்பி வந்தது.

5

இந்த வருட ஆனியில் அம்மா கூப்பிட்டாள். சுற்றக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சூறைக்காவது போவேன் என்றாள்.

"எய்யா, உன் நூலுல ஒரு பிடி அனுப்புதியா?"

"எம்மா, அன்னைக்கே சொன்னேன்லா..."

"காலுக்கில்லப்பா. சூறைக்கு." பிறகு சொன்னாள். "ஊர்ல எல்லாரும் அவிய அவிய வெள்ளாமையத் தூவுதாவ. நான் இத்தன வருசமும் தூவுனது காட்டுக்காரவிய குடுத்த பஞ்சு. கேட்டு வாங்கித்தான் தூவுவேன். கை மட்டும்தான் எங்கையி. நம்ம வீட்டு வெள்ளாமைன்னு ஒண்ண ஒருதரமாது தூவணும்னு கெடக்கு."

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "அது என்னோடது இல்லம்மா. இன்ஸ்டிட்யூட்டுக்காரவியளுது. ஒரு இழைகூட வெளிய கொண்டுபோவக் கூடாது."

அம்மா சிரித்துவிட்டாள். அந்த மார்கழிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"ஏலே, அம்புட்டுத் தூரம் போயி நீயும் கூலிக்காரன்தானா? பரவால்ல. நான் கேட்டு வாங்கலியா, நீயும் கேட்டு வாங்கு."

கேட்டேன். எங்கள் பேராசிரியர் உல்ரிக்கேயிடம் தபசு, சூறை, ஒற்றைக்கால் எல்லாவற்றையும் சொல்ல மதியத்தில் பாதி போனது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மாவின் காலில் இன்னும் புண் இருக்கிறது, இல்லையா?"

"இருக்கிறது."

"இதை அதன் மேல் வைக்க மாட்டார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"தெருவில் வீசுவார்கள்" என்றேன். "என் அம்மா சொன்னால் சொன்னதுதான்."

அவர் எழுந்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த இழைச் சுருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பலர் கை பட்டது, சுத்தம் செய்யாதது. உயிருள்ள எதுவும் அதில் இல்லை, ஆனால் காயத்தில் வைக்கத் தகாதது. ஒரு கோழிமுட்டை அளவு இருக்கும், எடையே இல்லை. "உங்கள் வார்த்தையை நம்பித் தருகிறேன்" என்றார்.

என் புது அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பக்கத்து நகரத்தில் வேலை பார்க்கும் புளியங்குடி நண்பர் விடுமுறைக்குப் போனார். அவர் கையில் கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தது என்று அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "பஞ்சு மாதிரிதான் இருக்கு, ஆனா பஞ்சு இல்ல" என்றாள். எனக்கு அது பரிசு கொடுத்ததுபோல் இருந்தது.

6

தபசுக்கு முந்தின நாள் மாரியப்பன் பேசினான். பின்னால் லாரிகளின் சத்தம்.

"அண்ணே, நீ அனுப்புனத அம்மை எங்க வச்சிருக்கா தெரியுமா? காலுக்குக் கட்டுத மருந்துப் பெட்டியில. பஞ்சுக்கும் துணிக்கும் நடுவுல."

"கட்டிட்டாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் எலுமிச்சங்கா லோடோட புளியங்குடியில நிக்கேன். நாளைக்கித்தான் வருவேன்."

"மாரி, அவளுக்குப் போன் போடு. அதத் தொடக் கூடாதுன்னு சொல்லு."

"ஏன், கட்டுனாத்தான் என்ன? நான் என்னமோ நீ மனசு எறங்கி, சாமி பேரச் சொல்லிக் காலுக்குத்தான் அனுப்பியிருக்கன்னுல்லா நெனச்சேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியின் பெயரைச் சொல்லி நான் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்ததாக அவன் நினைத்திருக்கிறான். அம்மாவும் அப்படி நினைத்திருந்தால்? தன் பிள்ளை நேராகச் சொல்ல முடியாமல் சுற்றி வளைத்து அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டிருந்தால்?

அம்மாவின் போன் கிடைக்கவில்லை. மாலையிலும் இல்லை, மறுநாள் காலையிலும் இல்லை. மாரியப்பனும் முயன்று, "திருவிழாக் கூட்டத்துல டவர் கெடைக்கல" என்றான். எனக்கு அன்று அறுவடை நாள். கலனைத் திறந்து பாக்டீரியாக் குழம்பை இறக்கி, நீரையும் பாக்டீரியாவையும் பிரிக்கும் சுழலியில் வைத்தேன். கை வேலையைச் செய்தது. மரத்துப்போன பாதத்தில், எத்தனையோ பிள்ளைகள் தொட்ட நூல் ஒட்டி, உள்ளே சீழ் கோப்பதும் தெரியாமல் அவள் நடப்பதே கண்ணுக்குள் நின்றது. உல்ரிக்கே அந்தப் பக்கமாகக் கடந்து போனார். நான் தலை நிமிரவில்லை.

இங்கே மதியம், அங்கே சாயந்திரம், போன் அடித்தது. காதைப் பிளக்கும் கூட்டம், கொட்டுச் சத்தம்.

"எய்யா! கேக்கா? மண்டபத்துக்கிட்ட நிக்கேன். கடைக்காரரு உக்காரப் பெஞ்சு குடுத்திருக்காரு."

"எம்மா, அந்த நூலு எங்க?"

"தூவியாச்சு."

"முழுசுமா? கால்ல கட்டலியே?"

"சாமிக்குன்னு கேட்டு வாங்குனத எங்கால்ல கட்டுவனா? என்னப்பா நீ."

"மருந்துப் பெட்டிக்குள்ள வச்சிருந்தியாம்?"

"வீட்டுல எலி வராத பெட்டி அது ஒண்ணுதான?"

அவளே தொடர்ந்தாள், குரலைத் தாழ்த்தி, ஆனால் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று அழுத்தி.

"பொய் சொல்லக் கூடாதுய்யா. ஒரு நா மத்தியானம் கட்டுப் பிரிக்கையில எடுத்துப் பாத்தேன். புண்ணுக்கிட்ட வரைக்கும் கொண்டு போனேன். நீ முடியாதுன்னு சொன்னது ஞாவகம் வந்துது. இவளும் ஒத்தக்கால்ல நிக்காளேன்னு ஞாவகம் வந்துது. திரும்ப வச்சிட்டேன்."

போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா எறிஞ்சா போவ மாட்டேங்குது பாத்துக்க. கனமே இல்ல. கையவிட்டுப் போயி அப்படியே காத்துல நிக்கி. பொறவு எவரோ எறிஞ்ச பஞ்சுல ஒட்டிக்கிட்டு மேல போச்சு. பக்கத்துல நின்னவ, இது என்ன வெள்ளாமைக்கான்னு கேட்டா. எம்மவன் வெள்ளாமைன்னேன். எத்தன ஏக்கருன்னு கேக்கா!"

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கும். பேச்சை மாற்றுகிறவள்தான், அன்று மாற்றவில்லை.

"எய்யா, அந்தத் தாளு மனுசருக்குப் போடுத மாதிரி எப்பம் ஆவும்?"

"தெரியலம்மா. வருசக்கணக்கா ஆவும். ஆவாமலும் போவலாம்."

"சரி. அதுவரைக்கும் இது ஆறாம கெடந்தா எனக்குப் போடு. ஆறிட்டுன்னா வேற யாருக்காது ஆவும்." கூட்டம் ஒரே குரலாக எழுந்தது. அம்மனுக்குக் காட்சி கிடைத்துவிட்டது போல. "போன வைய்யி, சாமி வந்துட்டு" என்றாள். போன் அணைந்தது.

உல்ரிக்கேயின் அறைக்குப் போய், "வீசிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். கீழே சுழலி நின்றிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தேன்.